கில்பெக்கில் அப்பாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. ஊரிலிருந்து எங்களிடம் இங்கிலாந்தின் ஹெரஃபோர்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: பக்கத்தில் கல் சிற்பங்களுக்குப் பேர்போன கில்பெக் கிராமத்துத் தேவாலயத்தைப் பார்க்க வேண்டும். முழங்கால் முடியாமல் சக்கர நாற்காலியில் இருப்பவரை எப்படிக் கூட்டிப்போவது என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை ஏற்பாடு செய்திருந்த வண்டியும் கடைசி நேரத்தில் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டுக் கார் சாவியோடு வந்து நின்றீர்களே அக்கா, முதல் நன்றி உங்களுக்கு.

அந்த மண்மேட்டு வழியில் நாற்காலியை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி வந்த தம்பிகளே, உங்களால்தான் அப்பா தெற்கு வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அது 1140 வாக்கில் செதுக்கிய வாசல். வெளித்தூண்களில் பாம்புகள் ஒன்றின் வாலை ஒன்று விழுங்கிக்கொண்டு இறங்குகின்றன. மேலே அரைவட்டக் கல்லில் கொடிபோல் படரும் ஒரு மரம். இந்தத் தேவாலயத்தை 1134-இல் ஹியூ என்ற பிரபு குளஸ்டர் மடத்துக்குக் கொடுத்தார் என்று பதிவு இருக்கிறது. மேற்கே அந்தப் பிரபு குடும்பத்தின் கோட்டை இருந்த மேடு இன்றும் தெரிகிறது, கோட்டைதான் இடிந்துவிட்டது. அந்த உள்ளூர் சிவப்பு மணற்கல்லில் இத்தனை நூற்றாண்டு மழைக்குப் பிறகும் உளித்தடம் இவ்வளவு தெளிவாக இருப்பதை அப்பா நம்பவே இல்லை. கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

அப்புறம் அந்த இறவாணம். கூரைக்குக் கீழே சுற்றிலும் 85 தாங்கு கற்கள் மிஞ்சியிருக்கின்றன. பலவற்றில் ஒரு முகம் அல்லது ஒரு மிருகம். அப்பாவின் கண்ணுக்கு அவ்வளவு உயரம் எட்டவில்லை. அங்கே அறிமுகமே இல்லாத ஒரு பெரியவர் தன் தொலைநோக்கியைக் கழற்றி அப்பாவின் கழுத்தில் மாட்டிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் திருப்பிக் கேட்கவே இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. இதை யாராவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கல்லில்தான் அப்பாவின் பார்வை நின்றுவிட்டது. வேட்டை நாய்க்குக் காது தொங்குகிறது, முயலுக்கு நீண்டிருக்கிறது. இரண்டுக்கும் பெரிய உருண்டைக் கண்கள். துரத்தலும் இல்லை, ஓட்டமும் இல்லை. "செதுக்கினவன் நல்லா சிரிச்சுக்கிட்டே செதுக்கியிருக்கான்டா" என்றார். விரல் நடுக்கம் வந்ததிலிருந்து பென்சிலைத் தொடாத மனுஷன், என் பையிலிருந்த ரசீதின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார்.

கதவைத் திறந்து வைத்து, உள்ளே வெந்நீரும் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும் நன்றி.

அந்தப் படத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று உண்டு, தொலைநோக்கிக்காரருக்கும் சேர்த்து. வருகிற ஞாயிறு வீட்டுக்கு வாருங்கள். அப்பா தன் கையால் தரவேண்டும் என்கிறார்.