அம்மாவுக்கு ஒஸ்லோவிலிருந்து

ஒஸ்லோ,
மாசி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். காலபோக அறுவடை முடிந்துவிட்டதா? இரணைமடுவில் தண்ணீர் நிறைய நிற்கிறது என்று தம்பி சொன்னான். இந்த முறை சிறுபோகத்துக்கும் குறைவிராது என்று நினைக்கிறேன்.

"உன்னைச் சின்னப் பெடியள்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகினமாம்" என்று போன கிழமை கவலைப்பட்டீர்கள். நோர்வேயில் டொக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் அம்மா, பள்ளிக்கூடத்தில் ரீச்சரையும் அப்படித்தான். எனக்குப் பழகிவிட்டது. பழக முடியாமல் இருக்கிற ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு முல்லைத்தீவுப் பக்கத்து ஐயா ஒருவர் வந்திருக்கிறார். எண்பதுகளில் வந்து, வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். நோர்வே மொழி நன்றாகக் கதைப்பாராம். மறதி நோய் வந்த பிறகு அது போய், தமிழ் மட்டும்தான் மிச்சம். இந்த நோயில் பலருக்கு அப்படித்தான், பிந்திப் படித்த மொழி முந்திப் போய்விடும்.

ஐயா சாப்பிடுவதும் குடிப்பதும் குறைவு என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் ஒருநாள் நின்று பார்த்தேன். வேலைக்கு நிற்கிற பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டிச் சைகையில் கேட்டது. ஐயா கையை அசைத்து, "வேண்டாம் பிள்ளை" என்றார். அது சிரித்துக்கொண்டே கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஐயா அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. ஒருவர் வேண்டாம் என்றால் அத்தோடு விடுவதுதான் இங்கே மரியாதை, திரும்பக் கேட்டால் அவரை நெருக்குவதாக நினைப்பார்கள். எங்கள் பக்கம் முதல் தரம் கேட்டதும் வாங்கிக் குடிப்பவர் யார்? இரண்டாம் தரம் கேட்பார்கள் என்றுதான் ஐயா இருந்திருக்கிறார். நான் எல்லோரிடமும் சொன்னேன், கேட்காதீர்கள், ஊற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கூட இருங்கள் என்று. இப்போது குடிக்கிறார், பிஸ்கட்டும் தோய்த்துச் சாப்பிடுகிறார்.

அப்புறம் முழங்கால் நோவு. ரெலிபோனில் மொழிபெயர்ப்பாளரை எடுத்தார்கள். முன்பு எங்கள் ஆட்களின் சின்னப் பிள்ளைகளே தாய் தகப்பனின் வருத்தத்தை டொக்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது சட்டப்படி, அவசரம் போன்ற சில நிலைமைகளைத் தவிர அரச இடங்களில் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்ப்பிக்கக் கூடாது. மிகவும் நல்ல சட்டம்.

நோவு 0இலிருந்து 10க்குள் எத்தனை என்று டொக்டர் கேட்டார். ஐயா, "பரவாயில்லைத் தம்பி, நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். டொக்டர் இலக்கத்துக்காகக் காத்திருந்தார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மற்றவருக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது என்று வளர்ந்த மனுசன் எப்படி அம்மா ஏழு, எட்டு என்று சொல்வார்? கதிரையால் எழும்பும்போது அவர் கையைப் பாருங்கள் என்றேன். ஐயா எழும்பினார், விரல்கள் வெளிறும்வரை கைபிடியை இறுக்கிப் பிடித்தார். டொக்டர் உடனே குனிந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதினார்.

ஐயாவுக்கு இப்போது ஒடியல் கூழ் ஆசை. தான் காய்ச்சிக் கொண்டுவருவதாக அவரின் மகள் சொல்கிறா. சித்தப்பாவின் மகன் சித்திரையில் இங்கே திரும்புகிறான் அல்லவா, அவனிடம் ஒடியல் மா ஒரு கிலோ குடுத்து விடுங்கள். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, இரண்டு பையாகப் போட்டுக் கட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்