பில் சர்ஸ் வரலாற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பிரிட்டனின் இரும்பு எஃகுத் தொழிலாளர் சங்கத்துக்கு 1975 முதல் 1985 வரை பொதுச்செயலாளராக இருந்த பில் சர்ஸைப் பற்றிய தமிழ்ச் சிறுநூல் அச்சுக்குப் போய்விட்டது. 1920இல் ஹார்ட்லிபூலில் பிறந்து 1937இல் எஃகு வேலைக்குப் போனவர் அவர். நூலில் சத்துள்ள பக்கங்கள் எல்லாம் உங்களால் வந்தவை.

முதல் நன்றி, சூடான காற்றை ஊதி இரும்பை உருக்கும் ஊதுலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவருக்கு. 1984 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது எஃகு ஆலைகளை நிறுத்த சர்ஸ் மறுத்தார். துரோகி என்ற பட்டம் அப்போது ஒட்டியது. உலையின் குணம் தெரியாமல் அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊதுலையைச் சில வாரம் ஓய்வில் வைக்க வேண்டுமானால் முதலில் கோக்கை, அதாவது நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருளை, கூடுதலாகப் போட வேண்டும். பிறகு உருகிய இரும்பையும் கசடையும் முடிந்தவரை வடித்து, காற்றை நிறுத்தி, காற்றுக்குழாய் வாய்களைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். எங்காவது காற்று கசிந்தால் உள்ளே கோக் எரிந்து தீர்ந்துவிடும். அடியில் நிற்கும் இரும்பு உறைந்து கட்டியாகிவிடும். நிலக்கரியைக் கோக்காக மாற்றும் கோக் அடுப்பு இன்னும் மோசம். அதன் சிலிக்கா செங்கல் சுவர் ஆறினால் சுருங்கி வெடிக்கும், அப்புறம் இடித்துக் கட்டுவதுதான் வழி. நிலக்கரி வரத்தை அடியோடு நிறுத்தினால் உலையே போய்விடும், உலையோடு வேலையும் போய்விடும் என்ற சர்ஸின் பயம் வெறும் சாக்கு அல்ல என்பதே எங்கள் முடிவு. ஆர்கிரீவ் கோக் ஆலையிலிருந்து ஸ்கந்தோர்ப் எஃகு ஆலையின் உலைகளுக்குப் போன கோக் லாரிகளை மறிக்கத்தான் சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டார்கள். போலீஸோடு 1984 ஜூன் 18 மோதல் ஆர்கிரீவில்தான் நடந்தது.

1980 எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கணக்கைச் சரிபார்த்த நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறோம். விலைவாசி 17 சதவீதத்துக்கும் மேல் ஏறிக்கொண்டிருந்தபோது அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ஸ்டீலின் நிர்வாகம் முதலில் நீட்டியது 2 சதவீதம். ஜனவரி 2இல் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏப்ரல் தொடக்கத்தில்தான் முடிந்தது. கிடைத்தது ஏறத்தாழ 16 சதவீதம் என்று பொதுவாக எழுதிவிடுவார்கள். லீவர் பிரபுவின் விசாரணைக் குழு சொன்னது 11 சதவீத உயர்வும், அந்தந்த ஆலையின் உற்பத்தித்திறன் ஒப்பந்தத்தோடு சேர்ந்த 4.5 சதவீதமும்தான். பின்னதற்கு ஈடாக ஆள் குறைப்புக்கு இணங்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கான்செட் எஃகு ஆலை மூடப்பட்டது. வெற்றியா தோல்வியா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் 11, 4.5 என்ற இந்த இரண்டு எண்களையே காட்டுவோம்.

சட்டப் பகுதியை வரிவரியாகப் படித்துத் திருத்திய வழக்கறிஞருக்குத் தனி நன்றி. தனியார் ஆலைகளுக்கும் வேலைநிறுத்தத்தை விரித்ததற்கு எதிராக டூபோர்ட் ஸ்டீல்ஸ் முதலான தனியார் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. இது அரசோடு நடக்கும் சண்டை, தொழில் தகராறு அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு தலைமையிலான அமர்வு தடையாணை கொடுத்தது. சில நாளிலேயே, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை நீக்கியது: போராட்டத்துக்கு உதவும் என்று சங்கத் தலைவர் நேர்மையாக நம்பினாலே சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் தகராறில் நேரடியாக இல்லாத ஆலைகளுக்குப் போராட்டத்தை விரிக்கும் அந்தக் கதவை 1980 வேலைவாய்ப்புச் சட்டம் அந்த ஆண்டிலேயே பெருமளவு அடைத்துவிட்டது. வழக்கை மட்டும் சொல்லி இதை விட்டுவிடும் கட்டுரைகள் நிறைய. எங்கள் நூலில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பது அவர் பிடிவாதத்தால்தான்.

மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும், படங்களுக்கு உரிமம் வாங்கித் தந்தவர்களுக்கும் நன்றி. உதவிய ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். முகவரி மாறியிருந்தால் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
நூல் தயாரிப்புக் குழு