வேகம் கூடினால் சிரிப்பு போய்விடும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஸ்வீடன் சினிமா பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இயக்குநர் இங்மார் பெர்க்மனைப் பற்றிய பகுதியில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு முந்தைய ஊமைப்படக் காலத்தைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிவிட்டார். அந்த நாளைய நகைச்சுவைப் படங்கள் எல்லாம் "குடுகுடுவென ஓடி, விழுந்து எழும் ரகம்" என்கிறார். முப்பத்தொரு வருடம் தியேட்டர் கேபினில் ஆபரேட்டராகக் காலம் தள்ளியவன் நான். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

அப்போது கேமராவைக் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள். நொடிக்கு 16 ஃபிரேம் (ஃபிலிமில் உள்ள தனித்தனிப் படம்), 18 ஃபிரேம் என்று ஆளுக்கு ஆள் மாறும். பேசும்படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. பதினாறில் எடுத்ததை இருபத்துநாலில் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். சவ ஊர்வலத்தைக் காட்டினாலும் ஜனங்கள் சிரிப்பார்கள். குடுகுடு ஓட்டம் அப்படி வந்ததுதான். எடுத்தவர் தலையில் அந்தப் பழியைப் போடலாமா?

நான் சொல்ல வந்தது ஸ்வீடன் ஊமைப்பட இயக்குநர் மவுரிட்ஸ் ஸ்டில்லர் 1916இல் எடுத்த ஆள்மாறாட்டப் படத்தைப் பற்றி. பெயர் 'ஷேர்லெக் ஓக் ஷூர்னலிஸ்டிக்'. நம் மொழியில் 'காதலும் பத்திரிகைத் தொழிலும்' என்று வைத்துக்கொள்ளலாம். தென்துருவப் பயணம் முடித்து ஊர் திரும்பிய ஒருவர், பேட்டி கேட்டு வரும் பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார். ஓர் இளம் பெண் நிருபர் தலைமுடியைப் பின்னிக்கொண்டு, வயதைக் குறைத்துக் காட்டி, அவர் வீட்டிலேயே வேலைக்காரியாகச் சேர்ந்துவிடுகிறாள். நிருபராக வருபவர் கரின் மொலாண்டர். கதை எழுதியவரும் ஒரு பெண்தான், டென்மார்க்கின் ஹாரியட் பிளாக். ஸ்வீடன் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1921இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்ணைக் கதாநாயகியாக வைத்து, சிரிப்பையும் அவள் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

துருவத்துக்குப் போனவர் என்றால் அன்றைக்கு எவ்வளவு மவுசு என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டோ நூர்டன்ஷெல்ட் தலைமையில் 1901இல் புறப்பட்ட ஸ்வீடன் குழுவின் கப்பலை 1903இல் பனிக்கட்டி நசுக்கி மூழ்கடித்தது. அர்ஜென்டினா கப்பல் போய்த்தான் அவர்களை மீட்டது. அந்தப் பரபரப்பைப் பேப்பரில் படித்து வளர்ந்தவர்கள்தான் இந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீரர், காப்பி கொண்டுவரும் பெண் யார் என்று தெரியாமல் முழிப்பதைப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்தப் படத்தைப் பேரனோடு அவன் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். முதலில் கிடைத்த பிரதி பறந்தது. பத்து நிமிடத்தில் அவன் செல்போனைக் கையில் எடுத்துவிட்டான். "வேகத்தை முக்காலுக்குக் குறைடா" என்றேன். குறைத்தான். அதே படம்தான், ஆனால் செல்போன் கீழே போய்விட்டது. வேலைக்காரி வேஷத்தில் இருப்பவளின் கை ஒரு வேலையில் இருக்கிறது, கண் வேறு பக்கம் போகிறது. அந்தக் கண் திரும்புவதற்கு ஒரு நொடி வேண்டும். அது நமக்குத் தெரிந்துவிட்டது, வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை என்று நாம் உணர இன்னொரு நொடி வேண்டும். ஆள்மாறாட்ட நகைச்சுவையின் உயிர் இந்த இரண்டு நொடியில்தான் இருக்கிறது. மெஷின் அதைத் தின்றுவிட்டால் மிச்சம் இருப்பது ஓடுவதும் விழுவதும்தான். முடிவை நான் சொல்லப்போவதில்லை.

அடுத்த ஆண்டே ஸ்டில்லர் 'தோமஸ் கிரால் எடுத்த சிறந்த படம்' என்று அர்த்தம் வரும் தலைப்பில் இன்னொன்று எடுத்தார். அதிலும் கரின்தான். பணக்கார வீட்டுப் பெண், தன் வீட்டில் வறுமையும் கொடுமையும் என்று கதை விடுகிறாள். அதை நம்பிய திரைக்கதை எழுத்தாளர் அவளையே கதாநாயகியாக வைத்து எழுதத் தொடங்கிவிடுகிறார். இதன் திரைக்கதையில் கை வைத்தவர்களில் ஒருவர் குஸ்தாஃப் மொலாண்டர், அப்போது கரினின் கணவர். எழுத்தாளராக நடித்தவர் யார் தெரியுமா? விக்டர் ஷோஸ்ட்ரம். தங்கள் கட்டுரையோடு போட்டிருக்கும் 1957ஆம் ஆண்டுப் புகைப்படத்தில், பெர்க்மனின் 'காட்டு ஸ்ட்ராபெர்ரிகள்' படத்தின் கிழட்டுப் பேராசிரியராகச் சோகமே உருவாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். நாற்பது வருடம் முன்பு காதலில் தலைகால் புரியாமல் திரிந்து சிரிக்க வைத்த மனிதர். புகைப்படத்தின் கீழே அவர் பெயர்கூட இல்லை. ஆள்மாறாட்டத்தைத் தங்கள் இதழும் தன் பங்குக்குச் செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. ஸ்டில்லர் எடுத்த நாற்பதுக்கு மேற்பட்ட படங்களில் பாதிகூட இன்று இல்லை. 1941 செப்டம்பர் 22 அன்று ஸ்டாக்ஹோமில் வின்டர்விகன் என்ற இடத்தில் இருந்த ஃபிலிம் கிடங்கு வெடித்துச் சிதறியதில் ஏராளமான மூல நெகட்டிவ்கள் போயின. பழைய நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் அதைப் பற்றிப் பேசும்போது பீடியைத் தூர எறிந்துவிட்டுத்தான் பேசுவார். அந்த வின்டர்விகன், ஆல்ஃப்ரெட் நோபல் ஒரு காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை வைத்திருந்த இடம்! அதையெல்லாம் தாண்டித் தப்பி வந்த படத்தை "குடுகுடு" என்று தள்ளிவிட்டால் மனசு கேட்கவில்லை.

கட்டுரையாளர் எந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அப்படி எழுதினார், அவர் பார்த்த பிரதி நொடிக்கு எத்தனை ஃபிரேமில் ஓடியது என்று தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். 24 என்றால், அவரையும் முக்கால் வேகத்தில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
கரூர்.