கொலுசுக் கடையிலிருந்து ஒரு கடிதம்

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

கண்ணு,

உன் கடை வெப்சைட் என்று நீ அனுப்பின லிங்க்கைத் திறந்து பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் கடை கோயம்புத்தூரில் எந்தத் தெருவில், பிளவுஸுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை எத்தனை ரூபாயில் ஆரம்பம், யாருக்குப் போன் போடுவது, இந்த மூன்றையும் கண்டுபிடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது. முதலில் வீடியோ ஓடுகிறது, அப்புறம் பூ விரிகிறது. போன் நம்பர் கடைசியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்.

எனக்குத்தான் கண் தெரியவில்லையோ என்று, எடப்பாடியிலிருந்து மெட்டி வாங்க வந்த ஓர் அம்மாவிடம் போனைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை தள்ளிவிட்டு, "டவர் இல்லீங்களாட்ட இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும்போல. இருநூறு கேபிக்குள் சுருக்கிப் போடு. வீடியோவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாட்ஸ்அப் பொத்தானை வை.

விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருக்கிறாய். அதை எழுத்தாகவே தட்டச்சு செய். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பினால் தேடலில் வருவது சிரமம். விலை எழுதப் பயமாக இருந்தால் என்னைப் பார். வெள்ளி விலை தினம் மாறுகிறது, நான் எதை எழுதுவது? எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி மூன்றையும் தனித்தனியாகப் போட்டு, வெள்ளி அன்றைய விலைக்கு என்று எழுதிவிட்டேன். அதற்கப்புறம் "ரேட் என்ன" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

போட்டோவில்தான் நான் ரொம்ப நாள் அடிபட்டேன். டியூப் லைட்டில் எடுத்தால் வெள்ளி ஈயம் மாதிரி தெரியும். நேர்வெயிலில் எடுத்தால் வெறும் பளபளப்புதான், கண்ணி தெரியாது. இப்போது காலை எட்டு மணிக்குத் திண்ணை நிழலில், கருநீலத் துணி விரித்து எடுக்கிறேன். கொலுசைப் பூட்டுகிற திருகாணியை மட்டும் கிட்டத்தில் தனியாக ஒன்று. கொலுசு வாங்குகிறவள் முதலில் பார்ப்பது அதைத்தான், திருகு தளர்ந்தால் கொலுசு தெருவோடு போய்விடும் அல்லவா. நீயும் பிளவுஸின் உள்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் எடு. முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது, லைனிங் கொடுத்திருக்கிறாயா என்று உன் அம்மா கடைக்குக் கடை புரட்டிப் பார்ப்பாளே, அந்தப் பக்கம்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிந்துவிட்டாயா? காசு கேட்க மாட்டார்கள். முன்பு தபாலில் ஒரு எண் வரும், இப்போது பெரும்பாலும் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டுகிற புள்ளியை மட்டும் நீயே நின்று பார்த்து வை. நம்முடையது லீ பஜார் பக்கம் விழுந்து, கல்யாண வீட்டார் மண்டி லாரிகளுக்கு நடுவே நின்று என்னைத் திட்டினார்கள்.

டொமைனை, அதாவது வெப்சைட் விலாசத்தை, உன் பெயரில், உன் ஈமெயிலில் பதிவு செய். நமக்கு முதலில் வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தான். அவன் வேறு வேலைக்குப் போனான், வருஷக் கட்டணம் யாரும் கட்டவில்லை, ஒரு காலையில் கடையே காணோம். விசிட்டிங் கார்டு ஆயிரம் அடித்து வைத்திருந்தேன், அதே விலாசத்தோடு.

விளம்பரம் இப்போதைக்கு வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் ஊர் முழுக்க வேண்டாம், கடையைச் சுற்றிப் பத்து இருபது கிலோமீட்டர் போதும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே போடு. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் ஆர்டர் வந்தால் ஊசி பிடிக்க உனக்கு எத்தனை கை இருக்கிறது? ரிவ்யூவுக்குக் காசு கொடுப்பதாக யாராவது போன் செய்தால் வைத்துவிடு.

பாப்பாவுக்குக் கொலுசு தயாராகிறது, முத்து வைத்தது. அளவு வேண்டும். ஆன்லைனில் வாங்கினவர்கள் அளவு தப்பிப் போய்த் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததால், கணுக்காலில் நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்து அளக்கிற படம் ஒன்று நம் வெப்சைட்டில் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து அளந்து அனுப்பு. தூங்கும்போது அள, முழித்திருந்தால் காலை நீட்ட மாட்டாள்.

அப்பா