எண்ணெய் என்று அழைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரத்தூளிலிருந்து 'எண்ணெய்' எடுப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்திலிருந்த கரும்பழுப்புக் குப்பியைப் பார்த்ததுமே புகை வாடை மூக்கில் ஏறிவிட்டது. ஆய்வகத்தில் வெப்பச்சிதைவு உலையை, அதாவது காற்றில்லாமல் சூடேற்றி மரத்தூளைச் சிதைக்கும் உலையை, பார்த்துக்கொண்டவன் நான். பதினொரு ஆண்டுகள் அந்த வாடையோடுதான் வீடு திரும்பினேன். சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார்கள்.

கட்டுரையாளர் 'டீசலுக்கு மாற்று' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கேதான் இடிக்கிறது. உலர்ந்த மரத்தூளைக் காற்றுப் புகாத உலையில் கண்மூடித் திறப்பதற்குள் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, எழும் ஆவியை 2 நொடிக்குள் குளிர்வித்தால், 100 கிலோவுக்கு 75 கிலோ வரை திரவம் கிடைக்கும். அதில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர். எடைக்கு எடை பார்த்தால் வெப்பம் டீசலில் பாதிகூட இல்லை. டீசலோடு கலக்கவும் கலக்காது.

இந்தத் திரவத்தை ஊற்றி வைக்க எங்களிடம் முதலில் சாதாரண இரும்புக் கேன்தான் இருந்தது. சில வாரங்களில் அடிப்பகுதி அரித்து, தரையெல்லாம் ஒழுகிவிட்டது. வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலம் இதிலும் உண்டு; குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல் என்று காட்டும் பிஹெச் அளவு 2 முதல் 3 வரைதான். இன்னொரு முறை, அலமாரியில் கிடந்து கெட்டியான திரவத்தை இளக்கலாம் என்று குடுவையோடு அடுப்பில் வைத்தேன். இளகுவதாவது! பாதிக்குப் பாதி கரிக்கட்டியாக அடியில் பிடித்துக்கொண்டது. குடுவையைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

அதற்காக இது உதவாத சரக்கு என்று சொல்லவில்லை. இதன் அருமை எரிப்பதில் இல்லை, அவ்வளவுதான். மரத்தின் முக்கிய நார்ப்பொருளான செல்லுலோஸ் சிதையும்போது லெவோகுளுக்கோசான் பிறக்கிறது. குளுக்கோஸிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்றால் எஞ்சும் சர்க்கரை அது. தூய செல்லுலோஸில் எடையில் பாதிக்கு மேலேயே எடுக்கலாம். காற்றில் விறகுப் புகை எவ்வளவு என்று அளப்பவர்கள் தேடுவதும் இதைத்தான். ஆனால் மூலப்பொருளில் துளி பொட்டாசியம் இருந்தாலும் கதை மாறிவிடும்: இந்தச் சர்க்கரை குறைந்து, கிளைக்கோலால்டிஹைடு என்ற சிறு மூலக்கூறும் கரியும் கூடும். வைக்கோலை நீர்த்த அமிலத்தில் அலசி, பொட்டாசியத்தைப் போக்கி, காயவைத்துப் போட்ட நாளில்தான் இது எனக்கு உறைத்தது. அதே உலை, அதே சூடு, வேறு திரவம்!

மரத்தின் இன்னொரு பகுதியான ஹெமிசெல்லுலோஸ் தருவது அசிட்டிக் அமிலமும் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினிலிருந்து குவாயகால் போன்ற பீனால் வகைகள் வருகின்றன. என் சட்டை வாடைக்கு அவையே காரணம். ஒட்டுப்பலகைப் பசையில் பீனாலுக்குப் பதிலாக ஓரளவு இவற்றைச் சேர்க்கலாம். இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் உண்மையான சிக்கல். நூற்றுக்கணக்கான சேர்மங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

எள்ளின் நெய்தான் எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பெயரை விட்டுக்கொடுத்தோம். அதுவாவது விளக்கில் எரிந்தது. இது தீக்குச்சியைக் காட்டினால்கூட எளிதில் பற்றாது. பெயரை நம்பி யாரேனும் என்ஜினில் ஊற்றிப் பார்ப்பதற்கு முன், 'வெப்பச்சிதைவு நீர்மம்' என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்