எட்டாம் பக்கத்துக்கு எதிரே இருபத்தைந்தாம் பக்கம்

ஏற்காடு – 636601
04.09.2025

அனுப்புநர்:
பொறுப்பாளர், குழந்தைகள் வாசிப்பகம், ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள், தங்கள் பதிப்பகத்தின் இணைய விற்பனைப் பிரிவு.

பொருள்: 19.06.2025 அன்று பணம் கட்டி வாங்கிய 136 சிறுவர் புத்தகங்களில் பாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டு) மாற்றம், பக்கம் உதிர்தல், தகவல் பிழை, தவறான வரி – நான்காவது முறையாகவும் கடைசி முறையாகவும் புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை மூன்று தடவை உங்கள் இணையதளத்தில் பதிந்தேன். 16.07, 24.07, 02.08 என்று மூன்று தடவையும் 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. எந்தக் குறை, யார் தீர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கவும்.

நீல வரிசையில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஆட்டுக்குட்டி தொலைந்துபோகும் கதை, 32 பக்கம், நடுவில் கம்பிப் பின் அடித்தது, பிரதி ரூ.45. உங்கள் புத்தகம், உங்களுக்குத் தெரியாததில்லை. அறுபது பிரதியில் 11 பிரதிகளில் 9 முதல் 24 வரை பக்கங்களே இல்லை. நடுவில் பின் தெரிகிற இடத்தைப் பிரித்தால் 16-க்கு எதிரே 17 இருக்க வேண்டும். இந்தப் பதினொன்றில் 8-க்கு எதிரே 25 இருக்கிறது. 16 பக்கப் பாரம் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற புத்தகம் இது. வெளிப்பாரத்தில் 1–8, 25–32. உள்பாரத்தில் 9–24. உள்பாரத்தை எடுக்க வேண்டிய கை வெளிப்பாரத்தையே இரண்டு எடுத்துச் செருகியிருக்கிறது. முதல் எட்டுப் பக்கம் இரண்டு தடவை, கடைசி எட்டுப் பக்கம் இரண்டு தடவை. எட்டாம் பக்கத்தில் குட்டியைக் காணோம், இருபத்தைந்தில் தாய் மடியில் தூங்குகிறது. தேடியது, கேட்டது, ஓடையைத் தாண்டியது எல்லாம் அச்சகத்திலேயே தங்கிவிட்டது.

இதற்கு உங்கள் பதில்: 'எங்கள் கிடங்கில் எடை சரிபார்த்த பிறகே பார்சல் கட்டப்படுகிறது.' ஒரு பாரம் போய் அதே அளவுள்ள இன்னொரு பாரம் வந்தால் எடை எப்படி மாறும்? புத்தகம் போடுகிற நிறுவனத்துக்கு இதை வாங்குகிறவர் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு எண்ணைப் பார்க்க ஒரு பிரதிக்கு மூன்று விநாடி போதும்.

அடுத்து பச்சை வரிசை, அறிவியல் – இயற்கை, 96 பக்கம், பிரதி ரூ.180. எட்டுத் தலைப்பு, தலைப்புக்கு ஐந்து, ஆக 40 பிரதி. ஆறு பிரதிகளில் மூன்றாம் பாரம் (33–48) இரண்டு தடவை வந்து நான்காம் பாரம் (49–64) விடுபட்டிருக்கிறது. பாரங்களை அடுக்கும்போது முதுகில் படிக்கட்டு மாதிரி இறங்கும் கறுப்புக் குறிகள் எதற்கு இருக்கின்றன? ஒரு படி விட்டுப்போனால் தூரத்தில் நின்றே தெரியும். மேலட்டை ஒட்டிய பிறகு தெரியாது. அதற்கு முன்னால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அதைவிடப் பெரிய விஷயம் கட்டமைப்பு. உங்கள் விலைப்பட்டியலில் பச்சை வரிசைக்கு 'நூல் தையல், நூலகப் பயன்பாட்டுக்கு ஏற்றது' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். 16 பக்கப் பாரமாகத் தைத்த புத்தகத்தில் 8–9, 24–25, 40–41 என்று ஒவ்வொரு பாரத்தின் நடுமடிப்பிலும் நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாற்பது பிரதியிலும் ஆறு ஆறு இடம் பிரித்துப் பார்த்தேன். ஒரு இழை நூல் கிடையாது. முதுகைச் சுரண்டி, பசை ஊற்றி, அட்டையை ஒட்டிய வேலை. அதுவும் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரில். வழவழப்புப் பூச்சுள்ள தாளில் அந்தச் சூட்டுப் பசை இழைக்குள் இறங்காது, மேலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரியவர்கள் மேசையில் வைத்துப் படித்தால் கொஞ்ச நாள் தாங்கும். பிள்ளைகள் புத்தகத்தைத் தரையில் போட்டு, இரண்டு பக்கமும் அழுத்தி, மல்லாத்தித்தான் படிப்பார்கள். சிறுவர் புத்தகம் என்று அட்டையிலேயே அச்சடிக்கிறவர்களுக்கு இது தெரியாதா? ஒரு மாதத்தில் 23 பிரதி உதிர்ந்துவிட்டது.

ஈரத்தில் வைத்திருப்பீர்கள் என்று உங்கள் தரப்பில் ஒருவர் எழுதியிருந்தார். புத்தகங்களை இரும்பு பீரோவில்தான் வைத்திருந்தேன். அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டை, மூடுபனியில் உள்பக்கம் ஈரம் குடித்து விரிந்தால் வெளியே சுருளத்தான் செய்யும். மலையில் இருக்கிறவர்களுக்கு அது பழக்கம். பக்கம் உதிர்வது வேறு, அட்டை சுருள்வது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி என் தலையில் கட்டாதீர்கள்.

சேலம் பயணத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஏற்காட்டில் வந்து எடுக்கும் வசதி கிடையாது, 07.08.2025 அன்று சேலம் ஐந்து ரோடு பக்கம் உள்ள கூரியர் கிளையில் ஒப்படைக்கவும் என்று உங்களிடமிருந்துதான் மின்னஞ்சல் வந்தது (நகல் இணைப்பு 4). கொண்டுவந்து கொடுக்க மட்டும் இதே 636601-க்கு வண்டி வருமாம், திருப்பி எடுக்க வராதாம். ஆடித் தூறலில் இரண்டு பெட்டியை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பஸ்ஸில் லக்கேஜ் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டிப் போய் நின்றால், கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "இந்த நம்பர்ல ரிட்டர்ன் எதுவும் ஏறலைங்களே" என்கிறார். அவர் மேல் தப்பில்லை, உட்கார ஸ்டூல் கொடுத்தார். அங்கிருந்தே உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டு. பிறகு ஒருவர் எடுத்து, "அது ஆட்டோமேட்டிக்கா வர்ற மெயில் மேடம், அதை நம்பி நீங்க ஏன் கிளம்புனீங்க?" என்றார். அதே இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு திரும்ப மலை ஏறினேன். போகும்போது 19 உதிர்ந்த பிரதி, வரும்போது 23.

19.08 அன்று பேசிய உங்கள் ஊழியரைப் பற்றியும் எழுத வேண்டும். பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை, அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்கிறீர்களே, நீங்களே எடுத்துக் கேளுங்கள், மாலை 4.10. பாரம் மாறியதை நான் விளக்கி முடிப்பதற்குள், "சின்னப் பசங்க புக்குதானே மேடம், படம்தான் பார்ப்பாங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். நான் அமைதியாகத்தான் பேசினேன். "நடுவுல நீங்களே ஒரு கதை சொல்லிடுங்களேன்" என்று சிரித்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குப் பக்கம் காணோம் என்று தெரியாது. தனக்குப் படிக்க வரவில்லை என்றுதான் அது நினைக்கும். இதை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மாற்றுப் பிரதி கேட்டதற்கு 'அதே மதிப்புள்ள வேறு தலைப்புகள்' அனுப்புகிறோம் என்றீர்கள். நீங்கள் குறிப்பிட்டது 64 பக்கம், பொடி எழுத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கானது. நான் கேட்டது பள்ளிக்கூட வாசிப்பு இயக்கத்தில் 'நுழை' என்று சொல்கிற நிலைக்கு: பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம், பெரிய எழுத்து, சொல் நடுவில் உடையாத வரி. ஒரே தலைப்பில் பல பிரதி வாங்குவதே, நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் விரல் வைத்துத் தொடர வேண்டும் என்பதற்காகத்தான். ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தால் அது நடக்காது.

இன்னும் முடியவில்லை. பச்சை வரிசையில் மலை விலங்குகள் பற்றிய தலைப்பை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பக்கம் 12-இல் சேர்வராயன் மலை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலை, ஐயா. அந்த மலையில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். பக்கம் 27-இல் சிலந்தி 'ஆறுகால் பூச்சி'. அதற்கு எட்டுக் கால், பூச்சி இனமே கிடையாது. உங்கள் ஓவியர் சரியாக எட்டுக் கால்தான் வரைந்திருக்கிறார், எழுதியவர் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. பக்கம் 33-இல் 'மீன்கள் பள்ளிக்கூடமாகச் செல்கின்றன'. ஆங்கிலத்தில் மீன் கூட்டத்துக்கும் ஸ்கூல் என்று பெயர். கம்ப்யூட்டர் மொழிபெயர்த்ததை யாரும் ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை.

பக்கம் 41-தான் எல்லாவற்றுக்கும் மேல். காட்டு மாடு என்று தலைப்பு, படம் ஆப்பிரிக்க எருமை. கொம்பு இரண்டும் நெற்றி நடுவில் தலைக்கவசம் மாதிரி சேர்ந்திருக்கிறது. நம்மூர் காட்டு மாட்டுக்கு நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். இங்கே காபித் தோட்டத்துப் பிள்ளைகள் அதை நேரில் பார்க்கிறவர்கள், அவர்களை ஏமாற்ற முடியாது. அதே பக்கத்தில் 'கொம்பு' என்ற சொல்லே உடைந்திருக்கிறது. ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், துணைக்கால் அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக. கொ, மொ, தோ வரும் இடமெல்லாம் இதே கதி. யூனிகோடு எழுத்தைப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொண்டுபோய்க் கொட்டும்போது, இந்திய மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் இப்படித்தான் வரும். அமைப்பில் ஒரே ஒரு மாற்றம். கொம்பும் காலும் இப்போதுதான் கற்றுக்கொள்கிற பிள்ளையிடம் இதைக் கொடுத்தால், இந்தப் புள்ளி வட்டம் என்ன எழுத்து என்று கேட்கும். என்ன சொல்வது?

அப்புறம் வரி. வண்ணம் தீட்டும் புத்தகம் 24, பிரதி ரூ.60, மொத்தம் ரூ.1,440. அதற்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி என்று ரூ.172.80 பிடித்திருக்கிறீர்கள். பில்லில் பார்த்தால் எழுதுகிற நோட்டுக்கான 4820 என்ற சரக்கு வகை எண் போட்டிருக்கிறது. குழந்தைகளின் படப் புத்தகமும் வண்ணம் தீட்டும் புத்தகமும் 4903. அதற்கு வரியே கிடையாது. இது ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் நடந்த தவறாக இருக்காது என்பதால் ஜிஎஸ்டி அலுவலகத்துக்கும் ஒரு நகல் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: கெட்டி அட்டைப் புத்தகம் 12-உம் அருமை. மூலை உருட்டி வெட்டியிருக்கிறது, மடிப்பு பிளக்கவில்லை. அதைச் செய்த ஆட்கள் உங்களிடம் இருக்கும்போது இதெல்லாம் ஏன்?

எனக்குத் தர வேண்டியவை: நீல வரிசை 11 பிரதிக்கு அதே தலைப்பில் முழுப் பிரதி. பச்சை வரிசை 40-க்கும் முழுப் பணம் ரூ.7,200, ஏனென்றால் விளம்பரத்தில் சொன்ன பொருளே வரவில்லை. வரி ரூ.172.80. சேலம் போய்வந்த பஸ், லக்கேஜ், ஆட்டோ செலவு ரூ.380. ஆக ரூ.7,752.80. நூற்று இருபது பிள்ளைகளுக்கு ஒரு பருவமே பாழாய்ப் போனதற்கு லட்ச ரூபாய் கேட்டாலும் தகும். கேட்கவில்லை.

2020 மின்வணிக விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது தங்கள் கடமை. ஒரு மாதம் என்றைக்கோ முடிந்துவிட்டது. 'ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்தது' என்று இனி எழுதாதீர்கள், புத்தகம் வந்தது 11.07, முதல் புகார் 12.07. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மனுப் போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. அப்போது நீங்கள்தான் சேலத்துக்கு வர வேண்டியிருக்கும். அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. தங்களைப் போல் தமிழில் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்கள் நாலு பேர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள்தான் நான்.

பெட்டிகள் இரண்டும் 07.08 அன்று கட்டிய கயிற்றோடு அப்படியே இருக்கின்றன. எடுத்துப்போக வண்டி எந்தத் தேதியில் மேலே வரும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். தானாக வருகிற மின்னஞ்சலில் வேண்டாம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
குழந்தைகள் வாசிப்பகம், ஏற்காடு.

இணைப்பு: பில் நகல், குறைப் பிரதிகளின் நிழற்படம் 34, விலைப்பட்டியலில் 'நூல் தையல்' என்றுள்ள பக்கம், 07.08 மின்னஞ்சல் நகல், பஸ் லக்கேஜ் டிக்கெட்.