ஆயுத பூஜைக்கு முன் காருக்கு க்ளே போடுவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்கினால் வாட்டர் சர்வீஸ் கடைகளில் கார்கள் வரிசை கட்டிவிடும். கழுவல், பாலிஷோடு இப்போது 'க்ளே' போடுவதும், அதாவது பெயிண்டில் ஒட்டியதைப் பிசைந்த கட்டியால் தேய்த்து எடுப்பதும், சேர்ந்துகொண்டது. ஆன்லைனில் வாங்கி வீட்டு வாசலிலேயே தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் தப்பாகத் தேய்த்தால் அழுக்கு செய்யாத கெடுதலை அது செய்துவிடும்.

பெயர்தான் களிமண். உள்ளே இருப்பது இழுபடும் பிசினும் மிக நுண்ணிய உராய்வுத் துகளும். கழுவியும் போகாமல் பெயிண்டின் மேல் மேடாக ஒட்டி நிற்பதை அது சீவி எடுக்கும், அவ்வளவுதான். கீறல் போகாது. போர்வெல் தண்ணீர் காய்ந்து பெயிண்டை அரித்த வெள்ளை வட்டங்களும் போகாது. போகவில்லையே என்று அழுத்தித் தேய்ப்பதில்தான் பாதி கார்கள் கெடுகின்றன. நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது.

மின்சார ரயில் நிலையத்தை ஒட்டி நாள் முழுக்க நிற்கும் வெள்ளைக் காரின் பானட்டைக் குனிந்து பாருங்கள். ஊசிமுனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். நடுவில் கறுப்பு, சுற்றிலும் துரு. சக்கரமும் தண்டவாளமும் பிரேக் கட்டையும் உரசிப் பறந்த இரும்புத் துகள்கள் அவை. அதன்மேல் நேராக க்ளேயை வைத்தால் தலை அறுந்து வேர் உள்ளேயே தங்கும், பிறகு மறுபடி துரு எட்டிப் பார்க்கும். அறுந்த தலை க்ளேயில் சிக்கி அடுத்த இழுப்பில் கோடு போடும். அதனால் இரும்புக்கு முதலில், அதைக் கரைக்கும் திரவமான அயர்ன் ரிமூவர். நிழலில், பாடி குளிர்ந்திருக்கும்போது அடித்து, புள்ளிகள் ஊதா நிறமாகக் கரைந்து வழியும்வரை மூன்று நான்கு நிமிடம் விட்டு, காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். நாற்றம் குமட்டும், காற்றோட்டமான இடமும் கையுறையும் வேண்டும். தார்ப் புள்ளிக்கு தார் ரிமூவர்.

சிமெண்ட் துளி சங்கதியே வேறு. அதில் மணல் இருக்கிறது; க்ளேயால் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, அதில் துணியை நனைத்து வைத்து இளக்கி எடுத்துக் கழுவிவிட வேண்டும். அடுக்குமாடிக்கு பெயிண்ட் அடிக்கும்போது தெறித்த பெயிண்ட் தூசிக்கு க்ளே நன்றாக வேலை செய்யும்.

க்ளே தேவையா என்று தெரிந்துகொள்ள காசு செலவில்லை. கழுவிய காரின் மேல், மெல்லிய பாலிதீன் உறைக்குள் விரலை விட்டு லேசாகத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பும் அப்போது தெரியும். வழுவழுவென்று போனால் க்ளே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை போதும்.

வீட்டில் செய்பவர்கள் உராய்வு குறைந்த ஃபைன் ரகத்தையே வாங்குங்கள். நிறத்தை வைத்து ரகத்தை முடிவு செய்ய முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 100 கிராம் கட்டி என்றால் நான்காக அறுத்து, ஒரு துண்டை மட்டும் கையில் எடுத்துப் பிசைந்து, உள்ளங்கையில் அடங்கும் தட்டையாக்குங்கள். வழுக்கலுக்கு அதற்கென்றே விற்கும் லூப் என்ற திரவம் நல்லது; இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீரில் 5 முதல் 10 மில்லி கார் ஷாம்பு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், சில வகை க்ளே அதில் கரைந்து பிசுபிசுக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தை எடுத்துக்கொண்டு, பெயிண்டிலும் க்ளேயிலும் லூப்பைத் தாராளமாக அடித்து, இரண்டு மூன்று விரலால் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். க்ளேயின் எடையோடு விரலின் எடை சேர்ந்தால் போதும். முதலில் சரசரவென்று சத்தம் வரும், பிடித்து இழுக்கும்; நாலைந்து ஓட்டத்தில் சத்தம் அடங்கி வழுக்கும். அடங்கியதும் நிறுத்திவிடுங்கள். க்ளேயைத் திருப்பிப் பாருங்கள்: பழுப்பாக இருந்தால் மடித்துப் பிசைந்து புது முகத்தைத் திருப்புங்கள். உலர்ந்து இழுத்தால் உடனே லூப் அடியுங்கள்.

வெயிலில் நின்ற காரில் லூப் நொடியில் காயும், க்ளே இளகிப் பெயிண்டிலேயே அப்பும். காலை ஏழு மணிக்குள், அல்லது பாடி ஆறிய பிறகு செய்யுங்கள். சக்கரத்துக்கு அருகே உள்ள கீழ்ப்பகுதியைக் கடைசியாக வையுங்கள், அழுக்கு அங்கேதான் அதிகம். கண்ணாடிக்குத் தனித் துண்டு. கீழே விழுந்த துண்டைக் கழுவிப் பார்க்கவே வேண்டாம், குப்பையில் போடுங்கள். மணல் உள்ளே புதைந்துவிட்டால் எந்தத் தண்ணீரிலும் வராது. நான்காக அறுப்பதே இதற்காகத்தான்.

பளபளப்பில்லாத மேட் பெயிண்டுக்கும், கிளியர் கோட் உரிந்த இடத்துக்கும், சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்குக்கும் க்ளே ஆகாது. புதிதாக அடித்த பெயிண்டுக்கு, அடித்த பட்டறையில் கேட்டு, குறைந்தது ஒரு மாதமாவது விடுங்கள். க்ளே போட்டால் பெயிண்டைக் காக்கும் பழைய வேக்ஸ் பூச்சும் போய்விடும். அன்றே புது வேக்ஸோ சீலண்டோ போட்டாக வேண்டும். கறுப்பு, அடர்நீலக் கார்களில் லேசான மங்கல் தெரியக்கூடும். அதற்கு ஃபைன் பாலிஷ் தேவைப்படும் என்பதை வேலை தொடங்கும் முன்பே கடைக்காரர் சொல்லிவிட வேண்டும்.

கடைகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பண்டிகை அவசரத்தில் ஒரே கட்டியைக் கார் காராகத் தேய்க்காதீர்கள். முந்தைய காரின் இரும்பும் மணலும் அடுத்தவர் பானட்டில் கோடாக விழும். வாடிக்கையாளர் கண்ணெதிரே புதுத் துண்டைப் பிரித்து, வேலை முடிந்ததும் அந்தத் துண்டை அவரிடமே காட்டுங்கள்.

இப்படிக்கு,
கார் பெயிண்ட் பட்டறைப் பணியாளர்கள்,
சென்னை - 11